மெயின் பேட்டரியில் 80% சார்ஜ்... ஆனா கார் கதவே திறக்கல! எலெக்ட்ரிக் காரின் 'குட்டி பேட்டரி'யைக் கவனிக்கிறீங்களா? | வீட்டு வண்டி

காலை 5.40 மணிக்கு வீடியோ கால் வந்தால் யாருக்குமே வயிற்றைக் கலக்கும். திருச்சியிலிருந்து பெரியப்பா. பதறிப்போய் எடுத்தேன்.

"ஏம்மா, நீதானே கார் பத்தியெல்லாம் எழுதுற? நம்ம கார் கதவே திறக்க மாட்டேங்குதும்மா. ரிமோட்டை அமுக்குறேன், ஒரு சத்தமும் இல்ல. பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரில இருக்கணும்."

பெரியப்பாவிடம் இருப்பது எலெக்ட்ரிக் கார். நாலு வருஷமாகப் பிரச்னை இல்லாமல் ஓடுகிறது. அக்கா பிரசவத்துக்காக பெங்களூரு போய், 20 நாள் கழித்து முந்தின நாள் ராத்திரிதான் இருவரும் ஊர் திரும்பியிருந்தார்கள். கிளம்பும்போது 80 சதவிகிதம் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். "80 சதவிகிதம் இருந்துச்சும்மா... எவனாவது கரன்ட்டைத் திருடிட்டானா?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து நான் சொன்ன யோசனை அதைவிடச் சிரிப்பானது.

"சார்ஜரை மாட்டிப் பாருங்க பெரியப்பா."

மாட்டினார். ஒரு விளக்குகூட எரியவில்லை. எரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அதற்குள் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அண்ணன் வந்துவிட்டார். சொந்தமாக லாரி வைத்து ஓட்டுபவர். உதவும் மனசு. "பேட்டரி டவுன் சார். லாரியைக் கிட்ட கொண்டாந்து ஒயர் போட்டா ரெண்டு நிமிஷ வேலை" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. இது மட்டும் தப்பு என்று எனக்குத் தெரியும். லாரியில் இருப்பது 24 வோல்ட். "ஒயரைத் தொட விடாதீங்க பெரியப்பா. மொதல்ல மேனுவலை எடுத்துப் பாருங்க" என்றேன்.

"மேனுவல் காருக்குள்ளதாம்மா இருக்கு!"

பெரியம்மா ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கார் மதியம்தான் உயிர் பெற்றது. சாயங்காலம் கண்ணில் கட்டோடு பெரியம்மா போனில் கேட்டதுதான் என்னை இந்த வாரம் முழுக்கத் தேட வைத்தது: "வெளியில நின்னோம், கதவு திறக்கல, ஆட்டோல போனோம். பேரன் உள்ள இருந்து கதவு திறக்காமப் போயிருந்தா என்னடி பண்றது?"

எலெக்ட்ரிக் கார், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கட்டுரை.

ஒரு காரில் ரெண்டு பேட்டரி எதுக்கு?

எலெக்ட்ரிக் காரின் தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரிதான் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது. பல கார்களில் அது 300 முதல் 400 வோல்ட் வரை. சில புது மாடல்கள் 800 வோல்ட் கட்டமைப்பில் வருகின்றன. இது தவிர, சாதாரண பெட்ரோல் காரில் இருப்பதைப் போலவே ஒரு 12 வோல்ட் பேட்டரியும் இருக்கிறது. கதவு லாக், விளக்கு, வைப்பர், ஹாரன், டேஷ்போர்டு, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாமே இந்தக் குட்டி பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன.

பெரிய பேட்டரிக்கும் காரின் மற்ற பாகங்களுக்கும் நடுவில் 'கான்டாக்டர்' என்ற பெரிய சுவிட்சுகள் உண்டு. காரை ஆஃப் செய்ததும் இவை திறந்துகொண்டு பெரிய பேட்டரியைத் தனியாகப் பிரித்துவிடும். பாதுகாப்புக்கான ஏற்பாடு இது. மறுபடி அந்த சுவிட்சுகளை மூட வேண்டுமென்றால் 12 வோல்ட் கரன்ட் வேண்டும். அதாவது, வீட்டு பீரோ நிறைய பணம் இருக்கிறது, பீரோ சாவிதான் இல்லை. பெரியப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். 80 சதவிகிதமும் பத்திரமாக உள்ளேயே இருந்தது, யாரும் திருடவில்லை. சார்ஜர் மாட்டியும் ஏறாததற்கும் இதுவே காரணம். சார்ஜரோடு 'பேச' வேண்டிய கம்ப்யூட்டருக்கே உயிர் இல்லை.

பெட்ரோல் காரில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்யும். எலெக்ட்ரிக் காரில் அந்த வேலையை 'டிசி-டிசி கன்வெர்ட்டர்' செய்கிறது. பெரிய பேட்டரியின் உயர் வோல்டேஜைக் குறைத்து குட்டி பேட்டரிக்கு அனுப்பும். ஆனால், பொதுவாக கார் 'ரெடி' நிலையில் இருக்கும்போதோ சார்ஜ் ஏறும்போதோதான் இது வேலை செய்யும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் அவ்வப்போது தானாகவே விழித்து நிரப்பிக்கொள்ளும் கார்கள் சில உண்டு. உங்கள் காரில் அது இருக்கிறதா என்பதை மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், ஹோண்டா சிட்டி போன்றவற்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் மாடல்களுக்கும் இதே கதைதான். அவற்றில் இன்ஜினைச் சுற்றிவிடுவது ஹைபிரிட் பேட்டரியும் மோட்டாரும். 12 வோல்ட் பேட்டரி கம்ப்யூட்டர்களை எழுப்பிவிடும் வேலையை மட்டும் செய்கிறது. மைல்டு ஹைபிரிட் கார்களின் அமைப்பு வேறு, அவை பெரும்பாலும் சாதாரண பெட்ரோல் காரின் வழியில்தான் ஸ்டார்ட் ஆகின்றன.

'வீக்' ஆகுதுன்னு எப்படித் தெரியும்?

பெட்ரோல் காரில் பேட்டரி பலவீனமானால் காலையில் ஸ்டார்ட்டர் 'கிர்... கிர்...' என்று இழுக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். எலெக்ட்ரிக் காரிலும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டிலும் அந்த எச்சரிக்கை கிடையாது. நேற்று வரை நன்றாக இருந்துவிட்டு இன்று ஒரேயடியாகப் படுத்துவிடும். அதனால் இந்தச் சின்ன அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள்:

• ரிமோட் ஒரே அமுக்கில் வேலை செய்யாமல், ரெண்டு மூன்று முறை அமுக்க வேண்டியிருப்பது.

• ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் ஸ்கிரீன் மினுக்குவது, 'டக்... டக்...' என்று சத்தம் மட்டும் வருவது.

• சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் வரிசையாக எரிவது.

• செல்போன் ஆப்பில் கார் 'ஆஃப்லைன்' என்று காட்டுவது.

• '12 வோல்ட் பேட்டரி லோ' என்ற மெசேஜ். இது வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பிரச்னை காரில் இல்லாமல் சாவியிலும் இருக்கலாம். ஸ்மார்ட் கீயின் உள்ளே பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பலவற்றில் சி.ஆர்.2032 என்ற வகை. அது தீர்ந்தாலும் ரிமோட் வேலை செய்யாது. மெக்கானிக்கல் சாவியால் கதவைத் திறந்ததும் உள்விளக்கு நன்றாக எரிந்தால் குறை பெரும்பாலும் சாவியில்தான். பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்தினால் கிளம்பிவிடும்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். லெட்-ஆசிட் வகை பேட்டரி என்றால், கார் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் ஆபத்துக் கட்டம். பெரியப்பா காரில் எலெக்ட்ரீஷியன் வைத்துப் பார்த்தபோது 8.9 காட்டியது! காரை 'ரெடி' நிலைக்குக் கொண்டுவந்தபின் 13.5-லிருந்து 14.7 வோல்ட்டுக்குள் காட்டினால் டிசி-டிசி கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

கதவு திறக்கல... உள்ளே குழந்தை இருந்தா?

பெரியம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது வெறும் பயம் இல்லை, நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் ஸ்காட்ஸ்டேலில் 2024 ஜூன் மாதம், ஒரு பாட்டி 20 மாதப் பேத்தியை டெஸ்லா மாடல் ஒய் காரில் உட்கார வைத்துக் கதவை மூடிவிட்டு, சுற்றி வந்து டிரைவர் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து 12 வோல்ட் பேட்டரி போய்விட்டது. ஆப், கார்டு எதுவும் வேலை செய்யவில்லை. அரிசோனா வெயில். கடைசியில் தீயணைப்பு வீரர்கள் கோடரியால் கண்ணாடியை உடைத்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதுபோன்ற புகார்கள் வந்ததால், 2021-ம் ஆண்டு மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 குறித்து அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2025 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அந்தப் புகார்களில் நான்கில் கண்ணாடியை உடைத்துத்தான் உள்ளே போக முடிந்திருக்கிறது.

மூடிய காருக்குள் 10 நிமிடத்திலேயே சுமார் 11 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறிவிடும். குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகும். சித்திரை மாதத் திருச்சி வெயிலில் அந்த 10 நிமிடம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால், இன்றைக்கே 15 நிமிடம் ஒதுக்கி இந்த மூன்று விஷயங்களைச் செய்துவிடுங்கள்.

1. ஸ்மார்ட் கீக்குள் ஒளிந்திருக்கும் மெக்கானிக்கல் சாவியை உருவிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இது உண்டு. சாவித் துவாரம் எங்கே இருக்கிறது? சில கார்களில் கைப்பிடி ஓரத்தில் பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும். ஒருமுறை நிஜமாகவே திறந்து பழகுங்கள். பெரியப்பாவின் சாவிக்குள் சாவி இருப்பது அவருக்கு நாலு வருஷமாகத் தெரியாது.

2. உள்ளே இருப்பவர் கரன்ட் இல்லாமல் கதவைத் திறக்க என்ன வழி என்று கண்டுபிடியுங்கள். பல கார்களில் வழக்கமான கைப்பிடியை இழுத்தாலே திறக்கும். பட்டன் வைத்த கதவு என்றால் அவசரத்துக்குத் தனியாக ஒரு லீவர் அல்லது கேபிள் இருக்கும். பின் சீட்டுக்கும் அது இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள்.

3. மேனுவலின் பி.டி.எஃப் காப்பியைப் போனில் இறக்கி வையுங்கள். காருக்குள் மாட்டிக்கொண்ட புத்தகத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

குழந்தை உள்ளே இருந்து, மெக்கானிக்கல் சாவியாலும் திறக்க முடியாவிட்டால், சர்வீஸ் ஆள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 112-க்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ போன் செய்யுங்கள். குழந்தை சோர்ந்து போனாலோ பதில் இல்லாவிட்டாலோ, குழந்தையிடமிருந்து தள்ளியிருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் அடித்து உடைத்துவிடுங்கள். முன் கண்ணாடியில் முயல வேண்டாம், அது எளிதில் உடையாது.

ஜம்ப் ஸ்டார்ட் செய்யலாமா?

பல எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களில் செய்யலாம். ஆனால், உங்கள் காரில் செய்யலாமா, எந்த இடத்தில் கிளிப் மாட்ட வேண்டும் என்பதை மேனுவல்தான் சொல்ல வேண்டும். சில கார்களில் 12 வோல்ட் பேட்டரி டிக்கியில் இருக்கும், ஜம்ப் கொடுக்கும் முனையோ பானட்டுக்குள் ஃபியூஸ் பாக்ஸில் இருக்கும். சில மாடல்களில் 12 வோல்ட் பேட்டரியே லித்தியம் வகையில் வருகிறது. அதற்கு லெட்-ஆசிட் பேட்டரியின் விதிகள் பொருந்தாது, சாதாரண சார்ஜரைப் போடக் கூடாது.

முதல் தேர்வு, கார் கம்பெனியின் ரோடுசைடு அசிஸ்டன்ஸ். வாரன்டியிலோ இன்ஷூரன்ஸிலோ இந்த வசதி பலருக்கும் இருக்கும், எண்ணை சேமித்து வைத்திருக்க மாட்டோம். பெரியப்பா வீட்டுக்கு வந்தவர் கையடக்கமான ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டரைத்தான் கொண்டுவந்தார். எலெக்ட்ரிக் காரில் இன்ஜினைச் சுற்றும் வேலை இல்லை, கம்ப்யூட்டர்களை எழுப்பி கான்டாக்டரை மூடினால் போதும். அதனால் அந்தச் சின்னப் பெட்டியே தாராளம்.

வேறு காரிலிருந்து கேபிள் போட வேண்டிய நிலை வந்தால், மேனுவல் அனுமதிக்கும் பட்சத்தில், வரிசை இதுதான்:

• கொடுக்கும் கார் 12 வோல்ட் பெட்ரோல் அல்லது டீசல் காராக இருக்கட்டும். ரெண்டு காரும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ரெண்டையும் ஆஃப் செய்து ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

• மோதிரம், வளையல், வாட்ச்சைக் கழற்றுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால், ரெண்டு முனைக்கும் நடுவில் உலோகம் பட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைப் பொசுக்கிவிடும்.

• சிவப்பு கேபிளின் ஒரு முனையைப் படுத்துவிட்ட காரின் பிளஸ் முனையில் மாட்டுங்கள். மறுமுனை கொடுக்கும் காரின் பிளஸ்ஸில்.

• கறுப்பு கேபிளின் ஒரு முனை கொடுக்கும் காரின் மைனஸில். மறுமுனையைப் படுத்துவிட்ட காரின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி, மேனுவல் காட்டும் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் தீப்பொறி வரலாம். லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும் என்பதால், பொறி அதன் பக்கத்தில் வரக் கூடாது.

• கொடுக்கும் காரை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் காத்திருங்கள். பிறகு உங்கள் காரில் பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். 'ரெடி' விளக்கு வர வேண்டும். வந்ததும், மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்.

• உடனே ஆஃப் செய்யாதீர்கள். 'ரெடி' நிலையிலேயே குறைந்தது அரை மணி நேரமாவது விடுங்கள் அல்லது ஓட்டுங்கள். ஹைபிரிட் காராக இருந்தால் மூடிய ஷெட்டுக்குள் இப்படி விடவே கூடாது. சத்தமில்லாமல் நிற்கும் ஹைபிரிட்டில் இன்ஜின் எப்போது வேண்டுமானாலும் தானாக ஓட ஆரம்பிக்கும். கார்பன் மோனாக்சைடு புகை உயிருக்கே ஆபத்து.

இதையெல்லாம் செய்யவே கூடாது!

• ஆரஞ்சு நிற ஒயர், அதோடு சேர்ந்த பெட்டி எதையும் தொடக் கூடாது. அது உயர் வோல்டேஜ். காரை ஆஃப் செய்த பிறகும் சில நிமிடங்களுக்கு உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். 12 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதால் காரில் கரன்ட்டே இல்லை என்று நினைக்காதீர்கள்.

• லாரி, பஸ் போன்றவற்றின் 24 வோல்ட் பேட்டரியோடு இணைக்கக் கூடாது. பிளஸ், மைனஸ் மாறினாலும் இதே கதிதான். ஃபியூஸ், கம்ப்யூட்டர், கன்வெர்ட்டர் என்று செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

• உங்கள் எலெக்ட்ரிக் அல்லது ஹைபிரிட் காரிலிருந்து இன்னொருவரின் பெட்ரோல் காருக்கு ஜம்ப் கொடுக்கக் கூடாது. பல கம்பெனிகள் மேனுவலிலேயே தடுத்திருக்கின்றன. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரன்ட்டைத் தாங்கும்படி அந்தக் குட்டி பேட்டரி செய்யப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

• உப்பிய, விரிந்த, கசியும், அழுகிய முட்டை வாடை அடிக்கும் பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கக் கூடாது. ஆசிட் தோலில் பட்டால் தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, உடனே டாக்டரிடம் போங்கள்.

• வெள்ளத்தில் நின்ற காரை எழுப்ப முயலவே வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். சர்வீஸ் சென்டருக்குச் சொல்லி அவர்கள் எடுத்துப் போகட்டும்.

• தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. சக்கரம் உருண்டால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யும், பாகங்கள் கெடும். நாலு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் வண்டிதான் சரி.

• கார் 'ரெடி'யிலோ சார்ஜ் ஏறும்போதோ 12 வோல்ட் முனையைக் கழற்றக் கூடாது.

ஜம்ப் கொடுத்தும் திரும்பப் படுத்தா?

அப்போது பேட்டரி மட்டுமே குற்றவாளி என்று முடிவு செய்யாதீர்கள். அதற்கு சார்ஜ் அனுப்பும் பாகமும் பழுதாகியிருக்கலாம். 2024-ல் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களையும், கியா 1,138 இ.வி.6 கார்களையும் திரும்ப அழைத்தன. இரண்டுக்கும் ஒரே காரணம், 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்யும் வேலையையும் சேர்த்துக் கவனிக்கும் ஒருங்கிணைந்த சார்ஜிங் கன்ட்ரோல் யூனிட். அதில் பழுது வந்தால் 12 வோல்ட் பேட்டரி மெல்ல மெல்லத் தீர்ந்துபோகும். உங்கள் காருக்கு ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டுவிடலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி எச்சரிக்கை வந்தால், ஏ.சி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஹசார்டு விளக்கைப் போட்டு, சாலை ஓரத்தில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். நடுரோட்டில் நிறுத்தி 'ரீஸ்டார்ட் செய்து பார்ப்போம்' என்று ஆஃப் செய்துவிடாதீர்கள், திரும்ப உயிர் வராமல் போகலாம். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் உதவி எண் 1033.

ஊருக்குப் போறீங்களா? போகும் முன்...

பெரியப்பா காரின் பேட்டரியைத் தின்றது எது தெரியுமா? பக்கத்துத் தெருவில் கார் கீறல் பட்டது என்று கேள்விப்பட்டு, தனியாக ஒயர் இழுத்து மாட்டிய டேஷ்கேம். நிறுத்தி வைத்த காரை 20 நாளும் அது இரவு பகலாகப் படம் பிடித்திருக்கிறது. ஏற்கெனவே நாலு வயதான பேட்டரி. அவர் பங்குக்குப் பெங்களூரிலிருந்து தினமும் ஆப்பைத் திறந்து '80 சதவிகிதம் அப்படியே இருக்கா' என்று வேறு பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் தூங்கும் கார் விழித்துக்கொள்ளும்!

• ரெண்டு வாரத்துக்கு மேல் வெளியூர் என்றால் டேஷ்கேமின் பார்க்கிங் மோடை அணையுங்கள். ஆப்பை அடிக்கடி திறக்காதீர்கள்.

• ஸ்மார்ட் கீயைக் காரை ஒட்டிய சுவரில் மாட்டி வைக்காதீர்கள். சாவி பக்கத்திலேயே இருந்தால் சில கார்கள் முழுசாகத் தூங்காது.

• உள்ளூரில் யாராவது இருந்தால் வாரம் ஒருமுறை 'ரெடி' நிலையில் அரை மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள், ஒரு சுற்று ஓட்டினால் இன்னும் நல்லது.

• சார்ஜரில் மாட்டிவிட்டுப் போனால் 12 வோல்ட்டும் நிரம்பும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சில கார்களில் பெரிய பேட்டரி நிரம்பியதும் எல்லாமே நின்றுவிடும்.

• காரில் உட்கார்ந்து யாருக்காவது காத்திருக்கும்போது பாட்டு கேட்க, ஸ்டார்ட் பட்டனை பிரேக் மிதிக்காமல் அழுத்தும் பழக்கம் பலருக்கும் உண்டு. அது 'ஆக்சஸரி' நிலை. குட்டி பேட்டரியிலிருந்து எடுக்குமே தவிர நிரப்பாது. பிரேக்கை மிதித்து, கியர் 'பி'-யில் இருக்க, 'ரெடி'யில் வைத்துக் கேளுங்கள்.

மாற்றும் நேரம் எப்போ?

வெயில் லெட்-ஆசிட் பேட்டரிக்கு எமன். நம்மூரில் மூன்று வருஷம் தாண்டியதும் ஒவ்வொரு சர்வீஸிலும் 12 வோல்ட் பேட்டரியை டெஸ்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரிக் காரின் சர்வீஸ் பட்டியலில் பெரிய பேட்டரியின் ஆரோக்கியத்தைக் கேட்கிற நாம் இதைக் கேட்பதே இல்லை.

மாற்றும்போது 'சைஸ் ஒண்ணுதான் சார்' என்று கடையில் கொடுப்பதை வாங்காதீர்கள். மேனுவல் சொல்லும் அதே வகை, அதே அளவு. பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்குப் பக்கத்திலோ இருக்கும் கார்களில் வாயுவை வெளியேற்ற ஒரு குழாய் இருக்கும். புது பேட்டரியிலும் அதை மறக்காமல் மாட்டச் சொல்லுங்கள். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல், விற்ற கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு.

பெரியப்பா காரில் இப்போது புது பேட்டரி. மெக்கானிக்கல் சாவியைத் தனியாக உருவி, பூஜை அறை ஆணியில் மாட்டியிருக்கிறார். "காருக்குள்ள வெச்சாத்தானே பிரச்னை" என்கிறார். பெரியம்மா கண் கட்டு பிரித்ததும் முதலில் செய்த வேலை, அந்தச் சாவியால் கதவைத் திறந்து பார்த்தது. ஓட்டத் தெரியாது. ஆனால், திறக்கத் தெரியும்.

உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?